பட்டறை பதில்கள்: பழைய காருக்குப் புது ஏ.சி.

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் தபால் முழுக்க ஏ.சி.தான். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், பழைய பாடியை எடுத்துச் சொந்தமாக வண்டி கட்டுகிறவர்கள் எழுதியவை. எல்லாருக்கும் சந்தேகம் ஒயரிங்கில். அதனால் இந்த இதழை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். கம்பெனி ஏ.சி. வைத்த வண்டிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு பாடியில் மாருதி எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் இறக்கி வண்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டும் ஏ.சி. யூனிட் வாங்கியாகிவிட்டது. புளோயரில் நான்கு ஒயர், கம்ப்ரஸரில் ஒரே ஒரு ஒயர். டயகிராம் எதுவும் தரவில்லை. வண்டியின் பழைய ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ். அதிலிருந்தே லைன் எடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். எடுக்கலாமா? — எஸ்.கே., நங்கநல்லூர்

வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டி ஹாரனுக்கும் வைப்பருக்கும் போட்டது. நம்ம மெட்ராஸிலேயே செய்த வண்டி என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் செய்தவர்கள் ஏ.சி.யை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் கரண்ட் கணக்குப் போடுங்கள். புளோயர் முழு ஸ்பீடில் 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்கு ஃபேன், அது 10. கம்ப்ரஸரை பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கும் கரண்ட் கிளட்ச், அதன் காயில் 4. ஆக ஏ.சி. மட்டுமே 30 ஆம்பியர் பக்கம் வந்துவிட்டது. ஐப்பசி மழையில், ராத்திரி நேரம், ஹெட்லைட், வைப்பர், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்ஷன் எல்லாம் ஓடினால் இன்னொரு 35 சேரும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் என்ஜின் நன்றாகச் சுற்றும்போது வருவது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். மீதியைப் பேட்டரி கொடுக்கும், அப்புறம் ஒரு நாள் செல்ஃப் எடுக்காது. எனவே 65 ஆம்பியருக்குக் குறைந்த ஆல்டர்னேட்டர் வேண்டாம். கூடுதலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து லைன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராகத் தடிமனான ஒயர் ஒன்று, 10 ஸ்கொயர் எம்.எம்., ஏ.சி.க்கென்று தனியாக ஒரு புது ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டும். அந்த ஒயருக்கும் ஒரு மெயின் ஃபியூஸ் உண்டு. அது பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப்போய்ப் போட்டால் நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டதும், ஃபியூஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும், ஒயர் எரியும்.

புதுப் பெட்டியிலிருந்து மூன்று ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்): புளோயரின் பெரிய ஸ்பீடுக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று, கண்டென்ஸர் ஃபேனுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். 30-ல் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி லைன். 87-லிருந்து மோட்டாருக்கோ கிளட்சுக்கோ போகும். 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் சின்ன ஒயர், 85 எர்த்து. ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயின் காயில் இழுக்கும் கரண்ட் மட்டும். அது கால் ஆம்பியர்கூட இல்லை. ஸ்விட்ச் உத்தரவு போட வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது. ஐந்து பின் உள்ள ரிலே வாங்கிவிட்டால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே ஆஃபில் இருக்கும்போது அதில் லைன் வரும். அதில் எதையும் மாட்டாதீர்கள்.

புளோயரின் நான்கு ஒயரில் ஒன்று எர்த்து, மற்றது மூன்றும் மூன்று ஸ்பீடு. கருப்புதான் எர்த்து என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு லீடை எடுத்து, மேஜை மேல் வைத்தே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது கொடுமை.

கம்ப்ரஸரில் ஒரே ஒயர் இருப்பது சரிதான். அதன் எர்த்து கம்ப்ரஸர் பாடி வழியாக என்ஜினுக்குப் போகிறது. அப்படியென்றால் என்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நல்ல எர்த்து பட்டை இருக்க வேண்டும். என்ஜின் மாற்றிய வண்டிகளில் ரப்பர் மவுண்டிங் எல்லாம் புதிதாக இருக்கும், இந்தப் பட்டையை மட்டும் மறந்திருப்பார்கள்.

கிளட்சுக்குப் போகும் ரிலேயின் 86-க்கு லைன் நேராக வரக் கூடாது. ஏ.சி. ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் ஸ்விட்ச் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி வர வேண்டும். கூலிங் காயில் ஐஸ் கட்டப் போகிறது என்றால் தெர்மோஸ்டாட் வெட்டும். கேஸ் ஒழுகிப் பிரஷர் இறங்கினாலோ, அடைத்துக்கொண்டு எகிறினாலோ பிரஷர் ஸ்விட்ச் வெட்டும். ஏ.சி. ஸ்விட்சுக்கு வரும் லைனை புளோயர் ஸ்விட்சிலிருந்து எடுங்கள். புளோயர் எந்த ஸ்பீடில் இருந்தாலும் லைன் வரும் டெர்மினல் ஒன்று பெரும்பாலான ஏ.சி. புளோயர் ஸ்விட்சுகளில் இருக்கும். புளோயர் ஓடாமல் கம்ப்ரஸர் மட்டும் ஓடுகிற நிலைமையே வராது.

உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும் என்ஜின் என்பதால் இன்னொரு வேலை இருக்கிறது. "ஏ.சி. போடப் போகிறேன்" என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈ.சி.எம்.முக்குச் சொல்லும் ஒயர் அந்த என்ஜினின் சர்க்யூட் டயகிராமில் எது என்று பார்த்து இணையுங்கள். தகவல் போனால்தான் அது ஐடிலை ஏற்றும். இல்லாவிட்டால் கிளட்ச் விழுந்ததும் என்ஜின் திணறி அணையும். கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு இதே வேலையை வேக்குவத்தில் இழுக்கும் ஐடில்-அப் செய்யும்.

கிளட்ச் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு டையோடு போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1என்5408 என்று கேட்டால் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை கிளட்ச் லைன் பக்கம், மற்றது எர்த்து. கிளட்ச் ஆஃப் ஆகிற நொடியில் காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜை அது விழுங்கிவிடும். இல்லையென்றால் ரிலே பாயின்ட் பொசுங்கும், ஈ.சி.எம்.முக்கும் நல்லதில்லை. கோட்டைத் திருப்பிப் போட்டால் ஏ.சி. போட்டதுமே ஃபியூஸ் போகும். பயந்துவிடாதீர்கள், மாற்றிப் போடுங்கள்.

ஒயர் சைஸில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து புளோயருக்கு நான்கு மீட்டர் ஒயர் போகிறது, 15 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் வழியிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். இரண்டரையில் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, 4 ஸ்கொயரில் 0.3. காணாமல் போன வோல்ட் எல்லாம் ஒயரில் சூடாக மாறுகிறது. புளோயருக்கும் ஃபேனுக்கும் 4 ஸ்கொயர் போடுங்கள். கிளட்சுக்கு ஒன்றரை போதும். ஸ்விட்ச் ஒயருக்கு 1 ஸ்கொயர்கூடத் தாராளம்.

எல்லாம் முடிந்ததும் கேஸ் அடிக்கிறவரைக் கூப்பிடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடட்டும், புளோயர் முழு ஸ்பீடில் இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில் வையுங்கள். கிளாம்பில் இல்லை, கம்பத்தின் ஈயத்தில். கருப்பு முனையை புளோயர் பிளக்கின் பாசிட்டிவ் பின்னில் பின்பக்கமாகச் செருகுங்கள். காட்டுவது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் புளோயரின் எர்த்து பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவில் பாருங்கள், 0.2-க்கு மேல் போனால் எர்த்து சரியில்லை. கேஸ் அடித்த பிறகு கிளட்சுக்கும் இதே சோதனைதான். வோல்டேஜ் இறங்கினால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் கருகும். "கம்ப்ரஸர் போச்சு" என்று கழற்றி வைத்திருக்கும் எத்தனையோ வண்டிகளில் போனது எர்த்து மட்டும்தான்.

ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கண்டென்ஸர் ஃபேன் ஒயரைச் சேஸிஸோடு கட்டிக் கொண்டுபோங்கள். பானெட்டின் கீல் பக்கம் விட்டால் திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து, இன்சுலேஷன் உரிந்துவிடும். என்ஜின் மாற்றிய விவரத்தை ஆர்.சி.யில் ஏற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அதை முதலில் முடியுங்கள்.

கேள்வி: அப்பாவின் பிரீமியர் பத்மினியைப் புதிதாகக் கட்டுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஏ.சி.யும் ஹீட்டரும் ஒன்றாக உள்ள கிட் அனுப்பியிருக்கிறான். கண்ட்ரோல் எல்லாம் எலக்ட்ரானிக். "சென்னையில் எவனாவது ஹீட்டர் போடுவானா, அடைத்துவிடு" என்கிறார் அப்பா. அடைத்துவிடலாமா? — பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, அண்ணாநகர்

அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது அம்மா. ஹீட்டர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் என்றால் நானும் அடைக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் கார்த்திகை மழையில் நான்கு பேர் ஈரத்துணியோடு வண்டியில் ஏறினால் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிடும். ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுக்கும். எடுத்த காற்றைக் கொஞ்சம் சூடாக்கிக் கண்ணாடியில் விட்டால் சீக்கிரம் தெளியும், உள்ளே இருப்பவர்களும் நடுங்க வேண்டாம். ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவது விசித்திரமாகத் தெரியும், ஆனால் முறை அதுதான்.

புழுக்கமான இரவில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படர்ந்தால் கதை வேறு. அங்கே ஏ.சி. கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிட்டதால் வெளிக்காற்றின் ஈரம் அதில் படிகிறது. குளிர்ந்த காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரை ஒரு தட்டு தட்டினால் போதும்.

ஹீட்டரை வைத்துக்கொள்வதென்றால் வால்வில்தான் கவனம் வேண்டும். என்ஜினிலிருந்து வெந்நீர் வரும் ஹோஸில் அது இருக்க வேண்டும்; ஏ.சி. முழுக் குளிரில் இருக்கும்போது சொட்டுக்கூட விடாமல் மூட வேண்டும். பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும், வால்வைத் தாண்டிய இடத்தில், தொட்டுப் பாருங்கள். இரண்டும் கொதித்தால் வால்வு விடுகிறது என்று அர்த்தம். ஒரே பெட்டிக்குள் கூலிங் காயிலும் வெந்நீர்க் காயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று குளிர வைக்க மற்றது சுட வைக்கும். கேஸ் எவ்வளவு அடித்தாலும் குளிராது.

எலக்ட்ரானிக் கிட்டின் வால்வு, ஃபிளாப் மோட்டார் ஒயர்களை வெட்டி ஒட்டாதீர்கள். நீளம் அதிகமாக இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள். அதன் பெரிய பாசிட்டிவ் ஒயரும் எர்த்து ஒயரும் நேரே பேட்டரிக்குப் போகட்டும். டாஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய ஸ்குருவில் எர்த்தை முறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். பழைய புளோயர் அதைச் சகித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் வைத்த கிட் சகிக்காது: ஸ்பீடு தானாக மாறும், பேனல் அணைந்து எரியும். இன்னொன்று, வெல்டிங் வேலை பாக்கி இருந்தால் அது முடிந்த பிறகு கிட்டை மாட்டுங்கள்.

அப்பா பிடிவாதமாக இருந்தால் ஹோஸின் வாயில் கட்டையை அடிக்காதீர்கள். சில என்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உள்ள தெர்மோஸ்டாட் (ஏ.சி. தெர்மோஸ்டாட் இல்லை) திறக்கும்வரை தண்ணீர் சுற்றும் வழியே அதுதான். இரண்டு முனையையும் ஒரு வளைந்த ஹோஸால் இணைத்துவிடுங்கள், தண்ணீர் சுற்றட்டும். வெந்நீர் வேண்டாம், 12 வோல்ட்டில் ஓடும் கரண்ட் ஹீட்டர் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1000 வாட் ஹீட்டர் 83 ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: அம்பாஸடரில் இசுஸு என்ஜின், வெளிக்கடையில் போட்ட ஏ.சி. ஓட்டத்தில் ஜில்லென்று இருக்கிறது. கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்கில் நின்றால் ஐந்து நிமிஷத்தில் வெறும் காற்று. இரண்டு தடவை கேஸ் போட்டாகிவிட்டது. — வி.ஆர்., ஆலந்தூர்

மூன்றாவது தடவை போடாதீர்கள் சார். கேஸ் கூடினால் பிரஷர் இன்னும் சீக்கிரம் எகிறும், ஸ்விட்ச் இன்னும் சீக்கிரம் வெட்டும்.

வண்டி ஓடும்போது கண்டென்ஸருக்குக் காற்று தானாக வருகிறது. நின்றால் ஃபேன் கொடுத்தால்தான் உண்டு. வீட்டு வாசலில் நிறுத்தி, ஏ.சி. போட்டு, வெறும் காற்று வரும்வரை காத்திருங்கள். அப்புறம் ஒரு மக் தண்ணீரை கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன் மோட்டாரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் "டக்" என்று கிளட்ச் விழுந்து குளிர் திரும்பினால் சந்தேகமே வேண்டாம், குறை காற்றில்தான்.

இப்போது ஒரு தாளை கிரில் முன்னால் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் படபடத்தால் ஃபேனின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. ஓடுகிற சத்தம் வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நெடுஞ்சாலையில் எதிரில் வரும் காற்றோடு மல்லுக்கும் நிற்கும். ஒயரை மாற்றினால் தீர்ந்தது. ஃபேனே ஓடவில்லை என்றால், கிளட்ச் ரிலேக்கு வரும் 86 ஒயரிலிருந்தே ஃபேன் ரிலேயின் 86-க்கும் ஒரு லிங்க் கொடுங்கள். கிளட்ச் விழும்போதெல்லாம் ஃபேனும் ஓடும். நான்கு ஒயர் உள்ள பிரஷர் ஸ்விட்ச் இருந்தால் அதில் இரண்டு ஃபேனுக்கென்றே வந்தவை; பிரஷர் 15 பார் பக்கம் போகும்போது போட்டுவிடும். நம் வெயிலுக்கு எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஃபேன் சும்மா ஓடினாலும் பரவாயில்லை.

கேள்வி: புளோயருக்குப் போட்ட 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டுக்கொள்ளலாமா? — ஜே.பி., பெரம்பூர்

கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது புளோயரை இல்லை, ஒயரை. புளோயரைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அல்லது உள்ளே அரசிலை சருகு சிக்கியிருக்கும்.

கேள்வி: என்னுடையது அறுபதுகளின் வண்டி. டைனமோ, பாசிட்டிவ் எர்த்து. எதையும் மாற்றாமல் ஏ.சி. மட்டும் போட முடியுமா? — டி.எஸ்., மயிலாப்பூர்

முடியாது சார். அந்தக் காலத்து டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர் பக்கம்தான், ஏ.சி. மட்டுமே அதைத் தாண்டிவிடும். பாசிட்டிவ் எர்த்தில், அதாவது பேட்டரி பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும் வண்டியில், இன்றைய புளோயர் தலைகீழாகச் சுற்றும், டையோடு ஷார்ட் ஆகும், எலக்ட்ரானிக் பேனல் ஒரே நொடியில் போய்விடும். ஆல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாறுங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரை இடம் மாற்ற வேண்டும், ஆம்மீட்டரையும் அப்படியே. பல்புகளுக்குக் கவலையில்லை.

அந்த ஆம்மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் சார்ஜிங் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டில் இருக்கும் ஆம்மீட்டர் வழியாகப் போகும். 30 ஆம்பியர் மீட்டருக்குள் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை விட்டால் அது டாஷ்போர்டிலேயே சூடாகிப் புகையும். ஆல்டர்னேட்டர் ஒயரை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோய், மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள். முகப்பு அழகுக்காகப் பழைய மீட்டரே வேண்டுமென்றால் இருக்கட்டும், ஒயர் இல்லாமல்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எந்தக் கனெக்டரைத் திறந்தாலும் பச்சை பூத்திருக்கிறது. — எம்., திருவான்மியூர்

உப்புக் காற்று விடாது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் உங்கள் ஏரியாவில் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. நல்ல கிரிம்பிங் பிளையரில் லக்கு அடித்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எர்த்து போடும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கிய பிறகு, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். முறுக்குவதற்கு முன் அடிக்கக் கூடாது, அது பலர் செய்வது. ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கும்படி, மட்கார்டு உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். ரிலேக்குப் போகும் ஒயர் ஒரு தரம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: செலவைக் குறைக்க ஏ.சி. சாமான் எல்லாம் பழையதாகப் புதுப்பேட்டையிலேயே வாங்கிவிடலாமா? — கே.என்., கொளத்தூர்

எல்லாம் கூடாது. கம்ப்ரஸர் வாங்கலாம், பார்த்து. கிளட்ச் ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 3 முதல் 4 ஓம் காட்டினால் காயில் நலம். கிளட்சின் முன்தட்டைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கரகரப்பு இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். புல்லியில் எத்தனை காடி என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், உங்கள் பெல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஹோஸ் வாயில் விரலை விட்டால் ஆயில் கருப்பாகவோ பளபளக்கும் தூளோடோ வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கனெக்டர், சாக்கெட், ரிலே பேஸ் அங்கே அருமையாகக் கிடைக்கும். ஒயரை ஒரு முழம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் உங்களுக்கு உபயோகமில்லை. ரிலே, பிரஷர் ஸ்விட்ச், எக்ஸ்பேன்ஷன் வால்வு புதிதாக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்குங்கள். ரிசீவர் டிரையரைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சத்தான் அதற்குள் மருந்து வைத்திருக்கிறது. மூடியில்லாமல் கடை வாசலில் தொங்கிய டிரையர் குடிக்க வேண்டியதை ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும். புதியதையும் கடைசியில், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் போடப் போகும் நேரத்தில்தான் மூடியைக் கழற்ற வேண்டும்.